செலியாக் உள்ள ஆளுக்கு எந்த மாப் புட்டு நல்லம்? அரிசிமா, குரக்கன், ஒடியல், இல்லாட்டி வெளிநாட்டுப் பைக்கற்றோ?

செலியாக் எண்டது கோதுமை, பார்லியிலை இருக்கிற குளூட்டன் எண்ட புரதம் குடலைப் பழுதாக்கிற வருத்தம். யாழ்ப்பாணத்திலை புட்டும் இடியப்பமும்தானே சாப்பாடு, இஞ்சை செலியாக் வந்தா என்ன பெரிய கஷ்டம் எண்டு கனபேர் கேக்கினம். கடைப் புட்டிலை அவிச்ச கோதுமை மா கலக்கிறது வழமை, வெள்ளையா மெதுவா இருக்கிற இடியப்பமும் அனேகமா அதுதான், எங்கட தோசைக்குக்கூட உழுந்தோடை கோதுமை மா போட்டுக் கரைக்கிற வீடுகள் நிறைய. எங்கட தங்கச்சிக்கு செலியாக், பாலும் ஒத்துவராது, வெங்காயமும் உள்ளியும் கூடினா வயிறு ஊதிப்போகும். அவளுக்குச் சமைக்கிற ஆள் எண்ட முறையிலை எழுதுறன்.

என்னைக் கேட்டா முதலிடம் சிவப்புப் பச்சையரிசி மாவுக்குத்தான். வயித்துக்கு இதமானது, விலையும் கட்டுப்படியாகும், தேங்காய்ப்பாலிலை லாக்ரோஸ் (மாட்டுப்பாலிலை இருக்கிற சீனி) இல்லாதபடியா சொதியோடையே குடுக்கலாம். ஆறினா புட்டு கட்டியாகிப்போகும் எண்டதுதான் குறை, அதுக்காகத்தான் ஆக்கள் கோதுமை மா கலக்கிறது, நாங்கள் நல்லாக் கொதிச்ச தண்ணி விட்டுக் குழைச்சு சூடாவே குடுக்கிறம். ஆனா பிரச்சினை மாவிலை இல்லை, மில்லிலை! உங்களுக்கு முன்னாலை ஆரோ கோதுமை போட்ட சத்துமா அரைச்சிருந்தா அந்த மெசினுக்குள்ளை நிண்டது உங்கட அரிசிக்குள்ளை வரும், இந்த வருத்தத்துக்கு அந்தக் கொஞ்சமே காணும், அதாலை அரிசியை ஊறப்போட்டு வீட்டு மிக்சியிலை அரைச்சு அரிச்சு வறுத்து வைக்கிறம், வேலைதான், ஆனா வேறை வழி இல்லை. புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, இடியப்பத் தட்டு, அரிதட்டு எல்லாம் செலியாக் உள்ள ஆளுக்கெண்டு புதுசா வாங்குங்கோ, ஓலையாலை பின்னினதுகளின்ரை இடுக்குக்கை நிக்கிற மா கழுவினாலும் போகாது.

குரக்கன் (கேழ்வரகு) சத்திலை அரிசியை விட எவ்வளவோ மேலை. 100 கிராமிலை 300 மில்லிகிராமுக்கு மேலை கல்சியம் இருக்கு, பால் குடிக்கேலாத ஆளுக்கு இது பெரிய விசயம், செலியாக்கிலை குடல் கல்சியத்தையும் இரும்பையும் ஒழுங்கா உறிஞ்சாததாலை எலும்பும் பலவீனமாகும். ஆனா நார் கூட. இப்பதான் குடல் ஆறத் தொடங்கின ஆளுக்கு முழுக் குரக்கன் புட்டு பாரம், அரிசிமாவோடை கலந்து கொஞ்சமாத் தொடங்கிறது நல்லம்.

பனங்கிழங்கைக் காயவைச்சு இடிக்கிற ஒடியல் மா எங்கட மண்ணின்ரை சாமான், அதிலை குளூட்டன் கிடையாது. தண்ணியிலை ஊறவிட்டு, மா அடியிலை படிய மேல்தண்ணியை ஊத்தி கைப்பை எடுத்துப்போட்டுத்தான் சமைக்கோணும். நான் புட்டுக்கு ஓம் எண்டுவன், கூழுக்கு அவசரப்படமாட்டன். நண்டு, றால், மீன், மரவள்ளி, பலாக்கொட்டை, பயித்தங்காய் எல்லாம் ஒரே பானைக்குள்ளை இருக்கேக்கை வயிறு குழம்பினா எது செய்தது எண்டு ஆர் கண்டுபிடிக்கிறது?

குளூட்டன் இல்லாத பைக்கற் மாவும் பாணும்? கொழும்பிலை இருந்தோ வெளிநாட்டுச் சொந்தக்காரர் மூலமோதான் வரும், விலையும் அந்த மாதிரி. குளூட்டன் இல்லை எண்டு போடுறதுக்கு சர்வதேச அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள்ளை, அந்த உறுதி மில் மாவுக்கு இல்லை, அதை நான் மதிக்கிறன். ஆனா அந்தப் பாண்களிலை பால்மா, முட்டை, சோயா எண்டு அனேகமா ஏதோ ஒண்டு இருக்கும், தங்கச்சி மாதிரி ஆக்களுக்கு ஒண்டிலை தப்பி இன்னொண்டிலை மாட்டுற கதை. பயணத்துக்கு ரெண்டு பைக்கற் வச்சிருங்கோ, அவ்வளவுதான்.

பால் விசயத்திலை ஒரு ஆறுதல், செலியாக்காலை குடலின்ரை உள்பக்கம் பழுதானதாலைதான் பால் ஒத்துவராமல் போனதெண்டா குளூட்டனை விட்டு குடல் ஆற ஆற அது திரும்பச் சரிவரக்கூடும். வெங்காயத்துக்குப் பதிலா லீக்ஸின்ரை பச்சைப் பக்கம் போடலாம், உள்ளி வாசம் வேணுமெண்டா எண்ணெயிலை பொரிச்சுப்போட்டு உள்ளியை எடுத்து எறியுங்கோ, வயித்தை ஊத வைக்கிற சாமான் எண்ணெயிலை கரையாது.

கூட்டுப் பெருங்காயத்திலை அனேகமா கோதுமை மா கலந்திருக்கும், ஹோர்லிக்ஸ், நெஸ்ரமோல்ற் ரெண்டும் பார்லி மோல்ற், கலியாண வீட்டுச் சேமியாப் பாயாசம் கோதுமையும் பாலும், அங்கை ரோல்ஸ் பொரிச்ச எண்ணெயிலை பொரிச்ச வடையும் வேண்டாம்.

இன்னும் ரெஸ்ற் செய்யாத ஆக்கள் இதை வாசிச்சா, இப்பவே கோதுமையை விட்டுடாதேங்கோ. விட்டிட்டுப் போனா இரத்தப் பரிசோதனையும் குடல் பயொப்சியும் (குடலிலை சின்னத் துண்டு எடுத்துப் பாக்கிறது) ஒண்டும் இல்லை எண்டு காட்டக்கூடும், முதல் டொக்டரிட்டைப் போங்கோ, மா மாத்திறது அதுக்குப் பிறகு.