அதே ரயில்பாதை, வேறு முகாம்

2025இல் வந்த ‘தி நேரோ ரோட் டு த டீப் நார்த்’ தொடரின் ஐந்து பாகங்களையும் இரண்டு இரவுகளில் பார்த்து முடித்தேன். இரண்டாம் உலகப் போரில் சயாமையும் (தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதையில், அவர்களிடம் சிக்கிய ஆஸ்திரேலிய இராணுவ மருத்துவர் டோரிகோ எவன்ஸின் கதை அது. அதே பாதையில்தான் என் அப்பாவும் மண் சுமந்தார். அவர் சிப்பாய் அல்லர். மலாயா ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த 17 வயதுப் பையன்.

உடல் படும் பாட்டைக் காட்டுவதில் தொடருக்கே என் முதல் மதிப்பெண். மூல நாவலை எழுதிய ரிச்சர்ட் ஃபிளனகனின் தந்தையும் அங்கே கைதியாக இருந்தவர். பசியும் மழையும் சேறும் திரையில் வந்தபோது அப்பாவின் இடது கணுக்காலுக்கு மேலிருந்த குழி நினைவுக்கு வந்தது. என் கட்டைவிரல் அதில் முழுதாகப் பதியும். “மூங்கில் கிழிச்சது” என்பார், அவ்வளவுதான். அந்தக் கீறல் எப்படிப் புண்ணாகி எலும்புவரை போயிருக்கும் என்பது தொடரைப் பார்த்தபின்தான் எனக்கு விளங்கியது.

ஆனால் சிக்கிய விதமே வேறு. டோரிகோ போரில் பிடிபட்டவர். அப்பாவையும் பெரியப்பாவையும் இலவசப் படம் காட்டுவதாகச் சொல்லிக் கொட்டகைக்குள் சேர்த்துக் கதவைப் பூட்டினார்கள். மறுநாள் சரக்குப் பெட்டியில், அந்தப் பாதை தொடங்கும் சயாமின் பான்போங் நோக்கிப் பயணம்.

பெரிய வேறுபாடு மருத்துவர்தான். தொடரின் உயிரே டோரிகோ. கையில் மருந்தில்லாவிட்டாலும் நோயாளிகளுக்காக அவர் வாதாடுகிறார். கைதிகளுக்குத் தங்கள் அதிகாரிகள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்க வைக்கவும் கழிப்பிடத்தைத் தள்ளி வெட்டவும் கட்டளையிட ஆள் இருந்தது. எங்கள் ஆட்களின் அத்தாப்பு ஓலைக் கொட்டகைகளில் அப்படி எவரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது, ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகளில் ஏறக்குறைய 12,500 பேர் மாண்டனர். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர் எனப் பல இனத் தொழிலாளரில் மாண்டவர்கள் சுமார் 90,000 என்பது மதிப்பீடு. மதிப்பீடுதான், ஏனென்றால் பெயர்ப்பட்டியல் எழுத யாரும் இல்லை.

டோரிகோவின் காதல் காட்சிகள் எனக்கு நீளமாகத் தோன்றின. முகாமை விட்டு ஏமியிடம் கதை திரும்பும்போதெல்லாம் பொறுமையிழந்தேன். ஆனாலும் அவைதாம் ஒன்றைச் சுட்டின: அந்தச் சேற்றில் கிடந்தபோது அப்பா யாரை நினைத்திருப்பார்? கேட்டதே இல்லை. இனிக் கேட்கவும் வழியில்லை.

முதுமையில் மட்டும் இருவரும் ஒருவரே. ஊர் கொண்டாடும் டோரிகோ உள்ளுக்குள் வாயடைத்துப் போகிறார். மறுபடியும் பால்மரத்துக்கே திரும்பிய அப்பாவும் அப்படித்தான். மழை வலுத்தால் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய்விடுவார். அந்த மௌனத்தைத் தொடர் துளியும் பிசகாமல் பிடித்திருக்கிறது, அதற்காகவே என் பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னேன். தாத்தாவின் கதையை அதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

தாய்லாந்தில் நேச நாட்டுக் கைதிகளைப் புதைத்த காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் அவர்களை அழைத்துப் போயிருக்கிறேன். கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாகப் பெயர்கள். பெரியப்பாவை எரித்தது ஆற்றோரம் ஒரு மூங்கில் புதருக்குப் பக்கத்தில் என்று அப்பா சொல்லியிருந்தார். எந்த முகாம் என்று அவருக்கே தெரியாது.