வெண்கரையின் ஒப்பந்த மேசை: மண்டபம் பட்டறை குறித்து ஒரு மதிப்புரை

கற்பனையான துருவ நாடு ஒன்றின் தூதுக்குழுவாக அமர்ந்து, சுற்றுச்சூழல் உடன்படிக்கை ஒன்றைப் பேசி முடிக்கும் இரு நாள் பட்டறையைச் சில ஆசிரியர்கள் சேர்ந்து, ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் நடத்தி வருகிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு என்று அறிவித்திருந்தாலும் பெரியவர்களையும் சேர்த்துக்கொள்வதால், என் மகளுடன் நானும் பெயர் கொடுத்தேன்.

அந்த நாட்டுக்கு ‘வெண்கரை’ என்று பெயர். பனிக்கட்டி சூழ்ந்த கடல், சீல் வேட்டையிலும் மீன்பிடியிலும் வாழும் சில ஆயிரம் மக்கள், நிலத்தடியில் கனிமம், அதன்மேல் கண் வைத்திருக்கும் அண்டை நாடுகள் ஆகியவை பற்றிய விவரங்களைத் தடித்த கோப்பாகக் கட்டி ஒவ்வொரு மேசைக்கும் தருகிறார்கள். முதல் நாள் காலை முழுவதும் விரிவுரைதான். 1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிக் உடன்படிக்கை, அதில் 1983-ல் இந்தியா இணைந்தது, 2024-ல் கொச்சியில் நடந்த அந்த உடன்படிக்கை நாடுகளின் ஆலோசனைக் கூட்டம் என்று வரிசையாகச் சொன்னார்கள். தகவலில் பிழையில்லை, பாதி நேரத்தில் முடித்திருக்கலாம்.

பட்டறையின் உயிர் பேச்சுவார்த்தையில்தான் இருக்கிறது. அங்கே வாக்கெடுப்பு கிடையாது. எந்த மேசையாவது ஆட்சேபம் தெரிவித்தால் தீர்மானம் நின்றுவிடும். கடல் காப்பகப் பிரிவு வந்தபோது, எதிர் மேசையிலிருந்த பையன் ஒருவன் கோப்பை மூடி வைத்துவிட்டு, “எங்க நாட்டுக்கு இதுல ஆட்சேபம் இருக்கு” என்று மட்டும் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டான். கெஞ்சியும் பார்த்தார்கள், மிரட்டியும் பார்த்தார்கள். கடைசியில், ஆராய்ச்சிக்காகக் குறைந்த அளவு மீன்பிடிக்க இடம் கொடுத்து, காப்பகத்துக்கு 35 ஆண்டு என்று காலவரையறையும் வைத்த பிறகே அவன் இறங்கி வந்தான். அண்டார்டிகாவின் ராஸ் கடல் காப்பகத்திலும் இதே 35 ஆண்டுக் கணக்குதான் என்று நடத்துநர் அப்போது சொன்னது, காலை விரிவுரை முழுவதையும் விட எனக்கு அதிகம் விளங்கவைத்தது. பல ஆண்டுப் பேச்சுக்குப் பின் 2016-ல் அந்தக் காப்பகத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. கிழக்கு அண்டார்டிகாவுக்கான முன்மொழிவோ ஒருமித்த இசைவு கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது.

குறை கோப்பிலேயே இருக்கிறது. வெண்கரையில் மக்கள் வாழ்கிறார்கள். ஆனால் அதன்மேல் பொருத்தப்படும் விதிகள், பூர்வகுடிகளே இல்லாத அண்டார்டிகாவுக்காக எழுதப்பட்டவை. 1991-ல் கையெழுத்தாகி 1998-ல் நடைமுறைக்கு வந்த, அண்டார்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்கும் மாட்ரிட் நெறிமுறையின் கனிமத் தடையை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். வடதுருவத்தின் கதை வேறு. அது நாடுகள் சூழ்ந்த கடல். அதற்கென்று ஒரே உடன்படிக்கை கிடையாது. 1996-ல் வடதுருவ நாடுகள் சேர்ந்து அமைத்த ஆர்க்டிக் கவுன்சிலில் பூர்வகுடிகளின் ஆறு அமைப்புகள் நிரந்தரப் பங்கேற்பாளர்களாக இருக்கின்றன. மத்திய ஆர்க்டிக் கடலில் வணிக மீன்பிடி தொடங்குவதற்கு முன்பே அதை 16 ஆண்டுகளுக்குத் தடுத்து வைத்து, 2018-ல் கையெழுத்தாகி 2021-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் வெண்கரைக்கு எவ்வளவோ பொருத்தமான முன்மாதிரி. கோப்பில் அதற்கு ஒரு பக்கம்கூட இல்லை.

இந்தக் குறையைச் சரியாகத் தொட்டவள் தங்கச்சிமடத்திலிருந்து வந்திருந்த மாணவி. “தடை போட்டாச்சு, சரி. அங்க வலை போடுறவங்களுக்கு அதுவரைக்கும் யாரு சோறு போடுவா?” என்று கேட்டாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடப்பதையும், நிவாரணப் பணம் எப்போது வரும் என்று வீட்டில் பேசிக்கொள்வதையும் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு எதைக் கேட்கும்? 2001-ல் கடல் அட்டை பிடிக்கத் தடை வந்தபோது தொழிலை இழந்தவர்களும், இலங்கையோடு போட்ட 1974, 1976 கடல் எல்லை உடன்படிக்கைகளின் விளைவை இன்றும் கடலில் சந்திப்பவர்களும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். நடத்துநர் “அது அடுத்த கட்டம்” என்று சொல்லி நகர்ந்தார். என்னைக் கேட்டால் அதுதான் முதல் கட்டம்; இழப்பீடு, கண்காணிப்புப் படகின் செலவு, மீறினால் யார் பிடிப்பது ஆகிய மூன்றையும் எழுதாத உடன்படிக்கை தாளோடு நின்றுபோகும்.

மற்றபடி ஏற்பாடுகள் திருப்தி. ஒலிபெருக்கி கொஞ்சம் இரைந்தது. மதியம் போட்ட ஊளி மீன் குழம்புக்காக அதை மன்னிக்கலாம். கட்டணமும் கையைக் கடிக்கவில்லை. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்பலாம். அதைவிடச் சிறியவர்களுக்குக் கோப்பு கனமாக இருக்கும்.

நடத்துநர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். அடுத்த முறை இதை மீன்பிடித் தடைக்காலத்தில் வையுங்கள். அப்போது படகுக்காரர்களும் கரையில் இருப்பார்கள். வெண்கரை மீனவர்களின் மேசையில் அவர்களையே உட்கார வைக்கலாம்.