டார்ஜானின் காடும் மோக்லியின் காடும்

ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனத்தின் முதல் டார்ஜான் படம் 1932-இல் வந்தது. கதை நடப்பது ஆப்பிரிக்காவில். நாயகனோ வெள்ளையரான நீச்சல் வீரர் ஜானி வைஸ்முல்லர். அங்கே ஆப்பிரிக்கர்களுக்குப் பெயர் சொல்லும்படியான வேடமே இல்லை. சுமை தூக்குகிறார்கள், அஞ்சுகிறார்கள், சாகிறார்கள். உயரம் குறைந்த ஆப்பிரிக்கப் பழங்குடியினரான பிக்மி மக்களாகக் குள்ளமான வெள்ளையர்களுக்குக் கருப்புச் சாயம் பூசி நடிக்க வைத்திருக்கிறார்கள். இன்று அந்தக் காட்சியைப் பார்க்கும்போது மனம் கூசுகிறது.

1942-இல் வந்த 'ஜங்கிள் புக்' ஒரு படி முன்னே நிற்கிறது. மோக்லியாக நடித்த சாபு, மைசூர் சமஸ்தானத்து யானைப் பாகனின் மகன். கதையைத் தோளில் சுமப்பவன் ஓர் இந்தியச் சிறுவன் என்பது அந்நாளில் சாதாரண விஷயமல்ல. ஆனால் அவனைச் சுற்றிப் பாருங்கள்: தாய் மெசுவாவாக அமெரிக்கரான ரோஸ்மேரி டிகாம்ப், வேட்டைக்காரன் புல்தேவாக மால்டாவில் பிறந்த ஜோசப் கலேயா. ஊரே சாயம் பூசிய ஊர்.

இரண்டில் ஒன்றைக் குழந்தைகளுக்குக் காட்டச் சொன்னால், தயங்காமல் மோக்லியைத்தான் காட்டுவேன். சாபு மரத்துக்கு மரம் தாவும்போது அந்தக் காடு அவனுடையதாகவே தெரிகிறது. அதே சாபு பின்னர் அமெரிக்கக் குடிமகனாகி, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பணியாற்றினார். திரும்பி வந்தவருக்கு ஹாலிவுட்டில் கிடைத்தவை பெரும்பாலும் பழைய காட்டு வேடங்களே.