குறி மறைவதைப் பார்ப்பதா, வாயுவை அளப்பதா?

வினைவேகத்தை எதெல்லாம் மாற்றுகிறது என்று மாணவர்களே அளந்து பார்க்க, பள்ளி ஆய்வகத்தில் வழக்கமாக மூன்று வழிகள் உண்டு: கரைசல் கலங்க எடுக்கும் நேரம், வெளிவரும் வாயுவின் கனஅளவு, குடுவையின் எடை குறைவது. கையில் ஒரே ஒரு பாடவேளைதான் என்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

அதற்கு வேண்டியது சோடியம் தயோசல்பேட். போட்டோ ஸ்டுடியோக்களில் ‘ஹைப்போ’ என்று புழங்கிய அதே உப்பு. மீன்தொட்டித் தண்ணீரில் குளோரினை நீக்கவும் இதைப் போடுவார்கள். லிட்டருக்கு 40 கிராம் வீதம் கரைத்து, அதில் 50 மி.லி.யைக் கூம்புக் குடுவையில் எடுத்து, பெருக்கல் குறி போட்ட தாளின் மேல் வையுங்கள். 5 மி.லி. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் கந்தகம் பிரிந்து, கரைசல் கலங்கி, மேலிருந்து பார்க்கையில் குறி மறையும். அடுத்த முறை 40 மி.லி. கரைசலும் 10 மி.லி. தண்ணீரும், அப்புறம் 30-க்கு 20. மொத்தம் 50 என்பது மட்டும் மாறவே கூடாது. கரைசலின் ஆழம் கூடினால் அதே கலங்கலுக்கும் குறி முன்னதாகவே மறைந்துவிடும். குடுவையும் பார்க்கும் ஆளும்கூட மாறக் கூடாது. செறிவு பாதியானால் நேரம் ஏறக்குறைய இரு மடங்காகும். கரைசலை 10 டிகிரி சூடாக்கினால் நேரம் கிட்டத்தட்ட பாதியாகும்.

கந்தக டை ஆக்சைடு வருவதால் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைக் குடுவைக்கு மேல் குனியவிடாதீர்கள். குறி மறைந்ததும் சோடியம் கார்பனேட் கரைசலில் கொட்டிவிட்டால் வினை நின்றுவிடும்.

இவ்வளவு நல்ல சோதனைக்கும் ஒரு குறை உண்டு. ஒரு முறை செய்தால் ஒரே ஒரு எண்தான் கிடைக்கும். வினை போகப் போக மெதுவாவது இதில் தெரியாது. அதைக் காட்டுவது வாயுவை அளக்கும் முறை. உப்புத்தாளால் தேய்த்த 0.1 கிராம் மெக்னீசிய நாடாவை, மிகுதியான அமிலத்தில் போட்டால் சுமார் 100 மி.லி. ஹைட்ரஜன் வரும். பத்து விநாடிக்கு ஒருமுறை குறித்து வரைந்தால், கோடு செங்குத்தாக ஏறிப் பிறகு படுத்துவிடும். அந்த வளைவைத் தன் கையால் வரைந்த பிள்ளைக்கு ‘வேகம்’ என்ற சொல்லை விளக்கவே வேண்டாம். வாயு சிரிஞ்ச் இல்லையா? தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த அளவுஜாடியே போதும், ஹைட்ரஜன் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஆனால் வினையே கரைசலைச் சூடாக்கிவிடுவதால், வெப்பநிலையின் விளைவை அறிய இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எடை முறைக்கு மெக்னீசியம் ஒத்துவராது. 100 மி.லி. ஹைட்ரஜனின் எடை வெறும் 0.008 கிராம், பள்ளித் தராசில் அது தெரியாது. அதே அளவு கார்பன் டை ஆக்சைடு 0.18 கிராம் இருக்கும். அதனால் அந்த வாயுவைத் தரும் சலவைக்கல் துண்டுகளும் அமிலமும்தான் இதற்குச் சரி. அமிலம் தெறிக்காமல் குடுவை வாயில் பஞ்சு வைக்க வேண்டும். புறப்பரப்பின் விளைவைக் கேட்க நல்ல இடமும் இதுதான்: ஒரே எடையில் ஒருமுறை பெரிய துண்டுகள், ஒருமுறை சிறு துண்டுகள். இரண்டுமே கரைசலாக இருக்கும் தயோசல்பேட் வினையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

வினையூக்கியைப் பற்றி அறியவோ, ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு சிட்டிகை மாங்கனீசு டை ஆக்சைடைப் போட்டு, வரும் ஆக்சிஜனை அதே கவிழ்த்த ஜாடியில் பிடித்தால் போதும்.