27 அங்குல 4கே மானிட்டர்: நாள் முழுக்க எழுத்து பார்ப்பவருக்கான நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

நிரல், கணக்குத் தாள், நீளமான ஆவணம் என்று எழுத்தையே பார்த்து வேலை செய்பவர்கள் மானிட்டர் வாங்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது, ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதைத்தான். 27 அங்குலத்தில் ஃபுல் எச்டி என்றால் சுமார் 82தான் வரும். சின்ன எழுத்தில் ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். அதே அளவில் 2560 × 1440 என்றால் 109, 4கே (3840 × 2160) என்றால் 163. பல ஆண்டு உழைக்கப்போகிற திரைக்கு என் தேர்வு 4கே.

அதை விண்டோஸில் 150 சதவீத ஸ்கேலிங்கில், அதாவது எழுத்தையும் படவுருக்களையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, வைத்தால் வசதியாக இருக்கும். அப்போது வேலை செய்யக் கிடைக்கும் பரப்பு 2560 × 1440 அளவுதான். இடம் அதிகமாகாது, எழுத்து கூர்மையாகும். கூடுதல் காசு இந்தக் கூர்மைக்குத்தான். பழைய மென்பொருள்கள் சில மங்கலாகத் தெரியலாம். அவற்றின் பண்புகளில் உயர் டிபிஐ (அடர்த்தியான திரைக்கான) அமைப்பை மாற்றினால் பெரும்பாலும் தேறிவிடும். மேக் அதே பரப்பை 5120 × 2880-இல் வரைந்து பிறகு சுருக்குவதால் எழுத்தில் இம்மி மென்மை இருக்கும். ஆனாலும் 1440 திரையில் மேக் காட்டும் எழுத்தைவிட எவ்வளவோ மேல்.

மேசையின் ஆழம் 60 செ.மீ. என்றால் 27-ஐத் தாண்ட வேண்டாம். 32 அங்குலத்தை அவ்வளவு அருகில் வைத்தால் ஓரங்களைப் பார்க்க நாள் முழுக்கக் கழுத்து திரும்பும். பின்புறம் 100 × 100 மி.மீ. வேசா துளை (தாங்கி மாட்டுவதற்கான பொது அளவுத் துளைகள்) இருந்தால் ஆர்ம் எனும் மடங்கு கையை மாட்டித் திரையைப் பின்னுக்குத் தள்ளலாம். மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்கட்டும். பைஃபோகல் கண்ணாடி போடுபவர்களுக்கு இன்னும் கீழே.

அதிகம் தொல்லை தருவது இணைப்புதான். பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட் வழியாக 4கே படம் 30 ஹெர்ட்ஸில்தான், அதாவது நொடிக்கு 30 முறைதான், புதுப்பிக்கப்படும். மவுஸ் இழுபடுவது உடனே தெரியும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தின் ஓரம் கலங்கித் தெரிந்தால் பேனலைச் சந்தேகிக்கும் முன் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். நிற வடிவம் 4:2:0 அல்லது 4:2:2 என்று, அதாவது நிற விவரத்தைக் குறைத்து அனுப்பும்படி, இருக்கும். ஆர்ஜிபி, முழு வீச்சு என்று மாற்றினால் தெளிந்துவிடும். டைப்-சி ஒரே கேபிளில் படம், சார்ஜ், யூஎஸ்பி மூன்றையும் தரும். ஆனால் பல லேப்டாப்களில் 4கே 60 ஹெர்ட்ஸ் படமே கேபிளின் நான்கு அதிவேகத் தடங்களையும் எடுத்துக்கொள்ளும். மானிட்டரில் செருகிய ஹார்ட் டிஸ்க் அப்போது யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும். மானிட்டர் மெனுவில் வேகமான யூஎஸ்பி 3.0-ஐத் தேர்ந்தால் படம் 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கலாம். இரண்டும் வேண்டுமென்றால் லேப்டாப்பும் மானிட்டரும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 எனும் பட இணைப்பு முறையை ஆதரிக்க வேண்டும், அல்லது டைப்-சி வடிவிலேயே வரும் அதிவேக இணைப்பான தண்டர்போல்ட் வேண்டும். சார்ஜர் கேபிள்கள் பலவற்றில் படம் வரவே வராது. பெட்டியோடு வந்த கேபிளைத் தொலைக்காதீர்கள்.

பேனல் வகைகளில் ஐபிஎஸ் போதும். விஏ வகையில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் இருண்ட பின்னணியில் ஸ்க்ரோல் செய்தால் எழுத்தின் பின்னால் நிழல் இழுபடும். ஓஎல்இடி வகையில் டாஸ்க்பார் போல அசையாமல் நிற்பவை காலப்போக்கில் தடம் பதிக்கும். அலுவல் வேலைக்கு அது வேண்டாம்.

வெளிச்சத்தை அலட்சியம் செய்யாதீர்கள். தொழிற்சாலையில் வைத்து அனுப்பும் வெளிச்ச அளவு பெரும்பாலும் கண்ணைக் கூசவைக்கும். திரையருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டின் வெண்மையும் ஒத்துப்போகும்வரை குறையுங்கள். சாதாரண அறையில் அது 100 முதல் 150 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவில் அமையும். படங்களுக்காக வெளிச்ச வீச்சைக் கூட்டும் எச்டிஆர் அணைந்தே இருக்கட்டும். பொழுதுக்கேற்ப வெளிச்சத்தை மாற்ற மானிட்டர் பொத்தானோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மானிட்டர் மெனுவில், கணினி மானிட்டரைக் கட்டுப்படுத்த உதவும் டிடிசி/சிஐ இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, விண்டோஸில் ட்விங்கிள் ட்ரே, மேக்கில் மானிட்டர்கன்ட்ரோல், லினக்ஸில் டிடிசியூட்டில் நிறுவினால் கணினியிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம்.