மஞ்சள் ஏலத்தில் ஹயேக், பனியன் கம்பெனியில் கெய்ன்ஸ்

பலரிடம் சிதறிக் கிடக்கும் அறிவை எந்தத் திட்டக்குழுவாலும் ஓரிடத்தில் திரட்ட முடியாது, விலைதான் அதைச் சுருக்கிச் சொல்கிறது என்று பொருளியலாளர் ஹயேக் 1945ஆம் ஆண்டுக் கட்டுரையில் வாதிட்டார். ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் இதைக் கண்ணாலேயே காணலாம். வியாபாரி மாதிரிக் குவியலிலிருந்து ஒரு விரலியை எடுத்து ஒடித்து, உள்நிறம் பார்த்து, முகர்ந்துவிட்டு விலை குறிக்கிறார். விளைச்சல், இருப்பு, வெளியூர்த் தேவை என அவர் அறிந்த அத்தனையும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது.

இன்னொரு பொருளியலாளரான கெய்ன்ஸ் 1936இல் எழுப்பிய கேள்வி வேறு. ஒருவர் செலவு இன்னொருவர் வருமானம் என்பதால், எல்லோரும் ஒரே நேரத்தில் கையை இறுக்கினால், கூலியைக் குறைப்பதால் மட்டும் வேலை திரும்பிவிடாது என்றார். 2020 ஊரடங்கில் ஆர்டர்கள் நின்று, பவர் டேபிள்கள் எனப்படும் மின் தையல் மேசைகள் ஓடாமல் கிடந்த திருப்பூரில், தையல்காரர் கூலியைப் பாதியாக்கியிருந்தாலும் வெளிநாட்டுக் கடைகள் திறந்திருக்கப் போவதில்லை. சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய்க் கடனுக்கு மத்திய அரசு அப்போது உத்தரவாதம் அளித்தது. மற்றவர்கள் செலவைச் சுருக்கும்போது அரசு கைகொடுக்க வேண்டும் என்னும், கெய்ன்ஸ் வழி வந்த சிந்தனைக்கே அது நெருக்கமானது.

என் கணிப்பில், அன்றாட விலைக்கு ஹயேக்கும் பெருஞ்சரிவுக்குக் கெய்ன்ஸும் வலுவானவர்கள். 2021இல் பஞ்சு இறக்குமதிக்கு விதித்த 11 சதவீத வரி, நூல் விலை எகிறிய 2022இல் தற்காலிகமாக விலக்கப்பட்டது, விலையில் அரசு குறுக்கிடாமல் இருப்பதே நல்லது என்னும் ஹயேக் பக்கத்துக்குச் சாதகமான சான்று. ஆனால் வரியை நீக்கச் சொல்லும் அதே பனியன் முதலாளிதான் அரசிடம் வட்டி மானியமும் கேட்கிறார்.