இரண்டாவது தோட்டா எதற்கு? மான் வேட்டைக்கான செமி ஆட்டோமேட்டிக் ஸ்லக் துப்பாக்கிகள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் துப்பாக்கி மான் வேட்டையின் முதன்மைப் பருவம் ஆண்டுக்கு ஏழே நாட்கள். நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய வெள்ளியில் தொடங்கி மூன்று நாட்கள், அந்தத் திருநாளுக்கு அடுத்த வாரம் வியாழனிலிருந்து நான்கு நாட்கள். அறுவடை முடிந்த மக்காச்சோள வயல்களின் ஓரத்தில், ஓடைக்கரை மரங்களில் கட்டிய பரண்களில், ஆரஞ்சு நிற மேற்சட்டையோடு வேட்டைக்காரர்கள் விடியலுக்கு முன்பே ஏறி அமர்ந்திருப்பார்கள். தமிழ்நாட்டில் மானைச் சுட்டால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. இங்கே அனுமதிச் சீட்டு வாங்கினால் போதும். ஆனால் எந்தத் துப்பாக்கியால் சுடலாம் என்பதில் சட்டம் கறாராக இருக்கிறது.

நிலம் தட்டையாகக் கிடப்பதுதான் காரணம். ரைஃபிள் குண்டு தவறினால் அதைத் தடுக்க ஒரு மேடுகூடக் கிடையாது. கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். வயல்களுக்கு நடுவே வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. அதனால் இல்லினாய்ஸ், ஒஹாயோ, அயோவா, மிச்சிகனின் தென்பகுதி ஆகியவற்றில் நெடுங்காலமாக ஷாட்கன்தான் வழக்கம். நம் ஊரில் ‘பன்னிரண்டு போர்’ என்கிற அதே துப்பாக்கி, இங்கே 12 கேஜ். ரவைகளுக்குப் பதிலாக ஒற்றை ஈயக்கட்டியை அடைத்த தோட்டாவைச் சுட்டால் அது ஸ்லக்.

இந்த வேலைக்குச் செமி ஆட்டோமேட்டிக், அதாவது ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி, வாங்கலாமா என்று கேட்பவர்கள் சொல்லும் முதல் காரணம் வேகம். முதல் குண்டு தவறினாலும் விசையை இன்னொரு முறை அழுத்தினால் போதுமே என்பார்கள். இந்தக் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. இல்லினாய்ஸில் மான் வேட்டைத் துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்புக் கட்டை போட்டிருக்க வேண்டும். முதல் குண்டு தவறியதும் வெள்வால் மான் வாலைத் தூக்கிக்கொண்டு பாயத் தொடங்கிவிடும். பாயும் மானைச் சுடுவது பெரும்பாலும் அதைக் காயப்படுத்தி இரவெல்லாம் ரத்தத் துளிகளைத் தேடி அலைவதில்தான் முடியும். இரண்டாவது தோட்டாவை நம்பி வாங்குகிறவர் முதல் தோட்டாவைக் கவனமில்லாமல் செலவழிக்கிறார்.

என்றாலும் செமி ஆட்டோமேட்டிக்குக்கு வேறொரு நியாயம் இருக்கிறது. அது தோளைப் பற்றியது.

பக்கத்து நிலக்காரர் ஒருவர் முதல் ஆண்டில் எனக்கு இரவல் கொடுத்தது முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் இலேசான பழைய பம்ப் துப்பாக்கி. பயிற்சித் திடலில் மேசைமேல் வைத்து எட்டு ஸ்லக் சுட்டேன். ஒன்பதாவதற்கு விசையைத் தொடும்போதே கண் தானாக மூடிக்கொண்டது. மறுநாள் சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியவில்லை. உதைக்குப் பயந்தவன் குறி பார்க்க மாட்டான். உதையை எதிர்பார்த்துத் தோளைச் சுருக்குவான். அதனால் நான் எந்தத் துப்பாக்கியைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, அதை வைத்துக்கொண்டு ஒரே நாளில் இருபது தோட்டாக்கள் பழக முடியுமா என்பதைத்தான்.

இந்த இடத்தில்தான் இரண்டு இயக்க முறைகள் பிரிகின்றன. ரெமிங்டன் 1100 (1963), ரெமிங்டன் 11-87 (1987), வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4, பிரவுனிங் சில்வர், மாஸ்பெர்க் 930 ஆகியவை வாயு முறை. குழலிலுள்ள சிறு துளை வழியாக வெடிவாயுவில் கொஞ்சம் கசிந்து பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள, அது காலித் தோட்டாவை வெளியேற்றி அடுத்ததை ஏற்றும். மொத்த உதை குறைந்துவிடுவதில்லை. சற்று நீண்ட நேரத்துக்குப் பரவுகிறது. அறை விழுவதற்கும் தள்ளிவிடுவதற்கும் உள்ள வேறுபாடு.

பெனெல்லி நிறுவனத்தின் முறை நிலைமம். துப்பாக்கி முழுதும் பின்னோக்கி உதைக்கும்போது உள்ளே தோட்டாவுக்குப் பின்னால் மூடி நிற்கும் கனமான போல்ட் மட்டும் நின்ற இடத்தில் நிற்க முயலும். இடையில் மாட்டிய தடித்த சுருள்வில் அமுங்கி, பிறகு விரிந்து வேலையை முடிக்கும். வாயுத் துளை இல்லை, கரி உள்ளே வருவதில்லை, எடையும் குறைவு. வாத்து வேட்டைக்காரர்கள் இதைக் கொண்டாடுவதில் அர்த்தம் இருக்கிறது: அவர்கள் சேற்றில் நாளெல்லாம் நடந்து பெட்டி பெட்டியாகச் சுடுகிறவர்கள். மான் வேட்டைக்காரர் பரணில் அசையாமல் உட்கார்ந்து ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ குண்டுதான் சுடுவார். அவருக்கு அந்த இலேசு ஸ்லக்கின் உதையைத் தோளுக்கு அப்படியே கொண்டுவந்து சேர்க்கும்.

நிலைம முறையில் பரணுக்கே உரிய இன்னொரு தொல்லை உண்டு. இருட்டில் தோட்டா ஏற்றும்போது சத்தம் கேட்கக் கூடாதென்று போல்ட்டைக் கையால் பிடித்து மெதுவாக முன்னே விடுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். அப்படி விட்டால் அதன் சுழல்தலை முழுவதும் பூட்டாமல் நின்றுவிடலாம். பார்வைக்கு மூடியது போலவே இருக்கும். மணிக்கணக்காகக் காத்திருந்து மான் வந்து நிற்கும்போது விசையை அழுத்தினால் ‘கிளிக்’ என்ற ஒலி மட்டும்தான். வேட்டைக்காரர்களிடையே இதற்குப் பெனெல்லி கிளிக் என்றே பெயர். சூப்பர் பிளாக் ஈகிள் 3 மாதிரியில் இதைத் தவிர்க்கப் பூட்டும் அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். பழைய மாதிரி வைத்திருப்பவர் போல்ட்டைச் சத்தத்தோடு அடித்து மூட விட்டு, காடு மீண்டும் அடங்கும்வரை காத்திருப்பதே மேல். கனமான தாங்கியில் துப்பாக்கியை இறுக்கிக் கட்டிக் குறி சரிசெய்யும்போதும் நிலைம முறை முரண்டு பிடிக்கலாம். பின்னோக்கி நகர இடமில்லாவிட்டால் அது இயங்காது.

வாயு முறைக்காரர்களுக்குத் துப்புரவு ஒரு சுமை என்பார்கள். வாத்துக்காரருக்கு அது உண்மை. மாஸ்பெர்க் தன் புதிய 940 வரிசையை 1,500 தோட்டாக்கள் வரை சுத்தம் செய்யாமல் சுடலாம் என்று விளம்பரப்படுத்துகிறது. மான் வேட்டைக்காரர் பயிற்சியையும் சேர்த்து அத்தனை தோட்டாக்களைச் சுட்டு முடிக்க அவருக்குப் பேரன் பிறந்திருப்பான். டிசம்பர் குளிரில் தடித்துப்போகும் எண்ணெய்தான் உண்மையான எதிரி. பருவத்துக்கு முன் பழைய எண்ணெயைத் துடைத்து மெல்லிய பூச்சாக விட்டால் போதும். பழைய 1100 என்றால் குழலுக்குக் கீழேயுள்ள தோட்டாக் குழாயின்மேல் வாயுவை அடைக்கும் சிறு ரப்பர் வளையத்தையும் பாருங்கள். அது வெடித்துப்போனால் அடுத்த தோட்டா ஏறாது. விலை அற்பம், இன்னொன்றைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

இனி குறி. எல்லாச் செமி ஆட்டோமேட்டிக்குக்கும் பொதுவான பலவீனம் இங்கேதான் இருக்கிறது.

ரைஃபிளில் குழல், போல்ட்டும் விசையும் அமைந்த நடுவுடலோடு இறுகத் திருகப்பட்டிருக்கும். ஷாட்கன் குழல் கையால் கழற்றி மாட்டக்கூடியது. அதன் கீழேயுள்ள தோட்டாக் குழாயின் முனையில் ஒரு மூடித் திருகுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. குழல் மயிரிழை ஆடினாலும் நூறு கஜத்தில் குண்டு விரல் கணக்கில் நகரும். குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் நடுவுடல்மேல் உட்கார்ந்திருந்தால், குழல் ஒரு பக்கம் பார்க்கும், ஸ்கோப் இன்னொரு பக்கம் பார்க்கும். பழைய பிரவுனிங் ஆட்டோ-5 இதற்கு உச்சகட்ட உதாரணம். பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் 1902இல் தயாரிக்கத் தொடங்கிய அந்தத் துப்பாக்கியில், ஒவ்வொரு முறை சுடும்போதும் குழலே பின்னோக்கி ஓடித் திரும்பும். அதனால்தான் அதன் ஸ்லக் வடிவமான பக் ஸ்பெஷலில் குறிக்காட்டிகளைக் குழலின் மேலேயே பொருத்தினார்கள்.

இன்றைய தீர்வுக்குக் கேன்டிலீவர் என்று பெயர். குழலோடு சேர்த்துப் பொருத்தப்பட்டு, நடுவுடலைத் தொடாமல் அதன் மேலே பின்னோக்கி நீளும் தாங்கி. ஸ்கோப் அதன்மேல் அமரும். குழல் ஆடினால் ஸ்கோப்பும் சேர்ந்து ஆடும், குறி கெடாது. வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4 கேன்டிலீவர் பக், பிரவுனிங் சில்வர் ரைஃபிள்டு டீர் இரண்டும் இப்படி வருகின்றன. இரண்டும் எஃப்என் குடும்பத்தின் பிள்ளைகள்தாம், இரண்டிலும் 22 அங்குலக் குழல். 11-87க்கும் 930க்கும் இதே அமைப்புள்ள குழல்கள் உண்டு. பெனெல்லி எம்2வின் ஸ்லக் வடிவத்திலோ நடுவுடலில் உள்ள துளைகளில்தான் ஸ்கோப்பைப் பூட்ட வேண்டும். விலையில் மேலே இருப்பது, இந்த ஒரு விஷயத்தில் கீழே நிற்கிறது.

குழலின் உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் திருகுவரி வெட்டியிருக்கிறதா என்பதையும் வாங்குமுன் கேட்டுவிடுங்கள், தோட்டா அதைப் பொறுத்தது. 1931இல் கார்ல் ஃபாஸ்டர் உருவாக்கிய ஈய ஸ்லக் வரியில்லாத மொழுமொழுக் குழலுக்கானது. எழுபத்தைந்து கஜம்வரை நம்பலாம், விலையும் மலிவு. பிளாஸ்டிக் உறைக்குள் மெல்லிய குண்டு வைத்த சேபாட் வகைக்குத் திருகுவரிக் குழல் கட்டாயம், அங்கே நூற்றைம்பது கஜம் எட்டும். மாற்றிப் போட்டால் சேபாட் சுழலாமல் கண்டபடி போகும். ஃபாஸ்டர் வரிகளில் ஈயத்தை அப்பிவிடும். சேபாட் ஐந்து தோட்டாப் பெட்டிகளில்தான் வரும், விலையைப் பார்த்தால் ஒவ்வொன்றையும் எண்ணித்தான் சுடத் தோன்றும். ஒவ்வொரு குழலுக்கும் பிடித்த தோட்டா ஒன்றுதான் இருக்கும். மூன்று நிறுவனங்களின் பெட்டிகளை வாங்கிச் சுட்டுப் பார்க்காமல் அது தெரியாது.

கேஜ் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. ஹார்னடி நிறுவனத்தின் 12 கேஜ் எஸ்எஸ்டி என்ற சேபாட் தோட்டா 300 கிரெயின் எடையுள்ள குண்டை நொடிக்கு 2,000 அடி வேகத்தில் அனுப்புகிறது. அதைவிடக் குறுகிய குழலான 20 கேஜில் 250 கிரெயின், 1,800 அடி. இரண்டில் எது வந்து பாய்ந்தது என்று மானுக்குத் தெரியப்போவதில்லை. தோளுக்குத் தெரியும். பிரவுனிங் சில்வர் 20 கேஜிலும் வருகிறது என்பதே அதை என் பட்டியலில் மேலே ஏற்றியது.

இத்தனைக்கும் பிறகு நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மானுக்காக மட்டும், புதிதாக, ஒரே ஒரு துப்பாக்கி வாங்குகிறவருக்குச் செமி ஆட்டோமேட்டிக்கே தேவையில்லை. சவேஜ் 220 என்ற ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் 20 கேஜ் துப்பாக்கி, ரைஃபிளின் உடலில் ஸ்லக் குழல் திருகிய கலப்பினம். குழல் ஆடாது, விசையின் இறுக்கத்தை நாமே குறைத்துக்கொள்ளலாம், துப்பாக்கியில் மாட்டும் பெட்டியில் இரண்டு தோட்டா. செமி ஆட்டோமேட்டிக்குகளின் விசை அதோடு ஒப்பிட்டால் கனத்துக் கிடக்கும். பெனெல்லி எம்2 ஏறக்குறைய இதைப்போல் இரு மடங்கு விலை. காகிதக் குறியில் சவேஜே வெல்லும். போதாக்குறைக்கு, 2014இல் ஒஹாயோவும் 2017இல் அயோவாவும் கழுத்து குறுகாத நேர்ச்சுவர்த் தோட்டா ரைஃபிள்களை அனுமதித்துவிட்டன. இல்லினாய்ஸும் 2023 முதல் ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்குக் கதவைத் திறந்தது. 350 லெஜண்ட் போன்ற நேர்ச்சுவர்த் தோட்டாக்களின் உதை, 12 கேஜ் ஸ்லக்குக்குப் பக்கத்தில் குழந்தையின் தள்ளல்.

பிறகு யாருக்குத்தான் செமி ஆட்டோமேட்டிக்? வீட்டில் ஏற்கெனவே வாத்துக்கோ, வானில் வீசும் களிமண் தட்டைச் சுடும் விளையாட்டுக்கோ ஒன்று வைத்திருப்பவருக்கு. அவர் புதுத் துப்பாக்கி வாங்க வேண்டாம். திருகுவரிக் கேன்டிலீவர் குழல் ஒன்றை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். இதில் பழைய ரெமிங்டன்கள்தாம் ராஜா. 2020இல் நிறுவனம் திவாலாகி, நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஆலை 2024இல் மூடப்பட்டாலும், 1100க்கும் 11-87க்கும் பழைய குழல்கள் கடைகளில் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. உங்கள் துப்பாக்கிக்கு அந்தக் குழல் பொருந்துமா என்று, 1100 என்றால் சாதாரணமா, நீண்ட தோட்டாவுக்கான மேக்னமா என்பதையும் சேர்த்து, பார்த்து வாங்க வேண்டும். இடக்கைக்காரர்கள் மாஸ்பெர்க் 930ஐப் பார்க்கலாம். அதன் பாதுகாப்புப் பொத்தான் மேல்முதுகில் இருப்பதால் எந்தக் கட்டைவிரலுக்கும் எட்டும்.

நான் இரவல் பம்ப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாங்கியது கனமான பழைய 11-87. கேன்டிலீவர் குழல் பின்னால் தனியாகக் கிடைத்தது. அக்டோபர் கடைசியில் அதை மாட்டியபின் முன்மூடித் திருகை இறுக்கி, அதிலும் குழலிலும் சேர்ந்தாற்போல் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுவேன். பரணில் ஏறியதும் டார்ச்சைக் கையால் பொத்திக்கொண்டு முதலில் பார்ப்பது அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்பதை. அதன் பிறகுதான் தோட்டா.